தொட்டிச் செடிக்கு மண் கலக்கும் முறையும் இயற்கை உரம் ஊட்டும் முறையும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையில் ஊராட்சிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை கூறுவதை யாவரும் அறிவர். ஆனால் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் தோட்ட வாரியம் என ஒன்று இருந்ததையும், அதற்குப் பன்னிரண்டு உறுப்பினர் இருந்ததையும், ஏரி வாரியத்திற்கு அறுவரே இருந்ததையும் நம்மில் பலர் கருதிப் பார்ப்பதில்லை. தோட்டம் என்பது தனியொருவரின் பொழுதுபோக்கன்று, ஊர் கூடிக் கவனிக்க வேண்டிய காரியம் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரார் கருதினர்.

இன்று நிலைமை மாறியுள்ளது. வீட்டு மனைகள் சுருங்கிவிட்டன. கொல்லைப்புறம் என்று சொல்லத்தக்க இடம் பல வீடுகளில் இல்லை. வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் நான்கடி இடமும், மேலே ஒரு காங்கிரீட் தளமுமே பல குடும்பங்களுக்கு வாய்த்த நிலம். வயல் சூழ்ந்த கிராமத்திலேயே கீரையைக் கடையில் வாங்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மறுபுறம், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூவர் இரத்தச் சோகை உடையவர்கள். கீரை மட்டும் இக்குறையை நீக்கிவிடாது. மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆயினும் நாள்தோறும் ஒரு பிடி கீரையும், அதன் இரும்புச் சத்து உடலிற் சேரத் துணை செய்யும் எலுமிச்சை, நெல்லி, தக்காளி போன்றவையும் உணவில் இடம் பெறுவது அவசியம் என்பதில் ஐயமில்லை. இவற்றுள் பெரும்பகுதியைத் தொட்டியிலும் பையிலும் வளர்த்துக்கொள்ள முடியும்.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை வளர்ப்புப் பைகள், தென்னை நார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் ஆகியன அடங்கிய மாடித் தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கி இம்முயற்சிக்கு ஊக்கமளித்து வந்துள்ளது. பை கிடைத்தும், விதை கிடைத்தும், செடி மட்டும் இரண்டாம் மாதத்தில் வாடிப்போவதைக் கிராமங்களிற் காண்கிறோம். காரணத்தை ஆராய்ந்தால், பெரும்பாலும் குற்றம் விதையிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. பையில் நிரப்பிய மண்ணிலேயே உள்ளது. ஆகவே, வீட்டிலேயே மண்ணைக் கலந்து கொள்வது எவ்வாறு, அதன்பின் செடிக்கு உணவூட்டுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

வயல் மண் தொட்டிக்கு ஏன் ஆகாது?

நல்ல வயல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் செடி செழிக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். வயலில் அம்மண்ணுக்குக் கீழே பல அடி ஆழத்திற்கு மண் தொடர்ந்து செல்கிறது. மேலே ஊற்றிய நீரைக் கீழுள்ள மண் இழுத்துக்கொள்கிறது. மண்புழுவும் பழைய வேர்களும் இட்ட துளைகள் வழியே காற்று உட்புகுகிறது. தொட்டியிலோ மண் ஓரடியில் முடிந்துவிடுகிறது. கீழே இழுத்துக்கொள்ள மண் இல்லாமையால், அடிப்பகுதியில் சில விரற்கடை உயரத்திற்கு நீர் நிறைந்து நிற்கும். துளை இருந்தும் அந்நீர் முழுவதும் வடியாது. மண் துகள்கள் எவ்வளவு நுண்ணியனவோ, அவ்வளவு உயரத்திற்கு ஈரம் தேங்கும். அங்கு வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை, வேர் அழுகுகிறது. மேலும், நாள்தோறும் நீர் ஊற்றுவதால் நுண்துகள்கள் இறுகிக் கோடையில் கல்லாகின்றன.

தொட்டியின் அடியில் சரளைக் கல் பரப்பினால் இக்குறை நீங்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உண்மையில், நுண்ணிய மண்ணிலுள்ள நீர் பருத்த கல்லிடுக்கில் எளிதில் இறங்குவதில்லை. கல்லின் மேல் மட்டத்திலேயே ஈரம் தேங்கி நிற்கும். வேருக்குரிய இடம்தான் குறையும். துளை அடைபடாதிருக்க ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தாற் போதும். வடிகாலைச் சீர் செய்யும் வழி அடியில் இல்லை. மண் கலவை முழுவதிலும் உள்ளது.

மேனாட்டாரும் இவ்வுண்மையை அனுபவத்தாலேயே கண்டனர். இங்கிலாந்திலுள்ள ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1930களில், தோட்டத்திற்குத் தோட்டம் மாறுபட்டு வந்த தொட்டி மண்ணை ஒழுங்குபடுத்த முனைந்தனர். ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட் எனப்படும் சதுப்பு நிலத்து மக்கு, இரண்டு பங்கு பருமணல் என்று அவர்கள் வகுத்த அளவு இன்றும் அங்கே வழக்கில் உள்ளது. நம் நாட்டிற்கு அந்தச் சதுப்பு மக்கு தேவையில்லை. அதன் பணியைத் தென்னை நார்க் கழிவு செவ்வனே செய்கிறது. உலகெங்கும் சதுப்பு நிலங்களைத் தோண்டுவதாற் கரிவாயு வெளிப்படுகிறது என்னும் கவலை பெருகியுள்ள இந்நாளில், மேனாட்டாரும் நம் தென்னை நார்க் கழிவை நாடி வாங்குகின்றனர்.

நம் பகுதியிற் கிடைக்கும் பொருள்கள்

தொட்டி மண்ணுக்கு மூன்று குணங்கள் வேண்டும். செடியைத் தாங்கிப் பிடித்துச் சத்தை இருத்தி வைக்கும் கனம் ஒன்று. நீரைப் பிடித்து வைக்கும் தன்மை ஒன்று. காற்றுக்கு இடம் விடும் பொலபொலப்பு ஒன்று. இம்மூன்றையும் தரும் பொருள்கள் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

செம்மண்: மேட்டுப் பாங்கான இடங்களிற் கிடைப்பது. கல்லும் வேரும் நீக்கிச் சலித்துக்கொள்ள வேண்டும். கலவையின் உடலாக அமைவது இதுவே.

ஏரி வண்டல்: கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனக் குறிக்கப்பெறும் உத்திரமேரூர்ப் பெரிய ஏரி உட்பட, ஏரிகள் மிகுந்த பகுதி இது. கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அடித்தல் நம் முன்னோர் கண்ட முறை. சத்தை இருத்தி வைக்கும் ஆற்றல் இதற்கு மிகுதி. ஆனால் களித்தன்மை உடையதாதலின், தொட்டியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கலாகாது. வண்டலை வருவாய்த் துறையின் உரிய அனுமதியுடனேயே எடுக்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டுதல் ஏரிக்கே கேடாகும்.

கருக்கிய உமி: நெல் விளையும் இப்பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. முற்றும் எரிந்த வெண்சாம்பலன்று நாம் கூறுவது; காற்றைக் குறைத்துக் கருக்கிய கரிய உமி. இது எளிதில் மக்காது; மண்ணை இறுக விடாது; எடையும் குறைவு. ஆற்று மணலை அனுமதியின்றி அள்ளுதல் குற்றமாதலாலும், பாலாறும் செய்யாறும் ஏற்கெனவே மணலை இழந்து வாடுவதாலும், மணலுக்கு மாற்றாக இதனைக் கொள்வதே நலம்.

தென்னை நார்க் கழிவு: தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கும். கட்டியாக விற்கப்படும் 5 கிலோ, நீரில் ஊறியபின் ஏறக்குறைய 60 முதல் 70 லிட்டர் அளவுக்குப் பெருகும். இதில் உப்பு மிகுந்திருக்கும். ஆதலால் நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை நீரை மாற்றிக் கழுவிய பின்னரே உபயோகிக்க வேண்டும். இதைச் செய்யாமையாலேயே பல பைகளில் நாற்றின் இலை நுனி கருகுகிறது. கழுவப்பட்ட கழிவிலும் செடிக்குரிய சத்து மிகச் சொற்பம் என்பதை மறத்தலாகாது. இது நீர்த்தொட்டியே அன்றி உணவுக் களஞ்சியமன்று.

மக்கு: மக்கிய தொழு உரம், மண்புழு உரம், வீட்டுக் குப்பையின் மக்கு ஆகிய மூன்றும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கலவைக்கு உயிர் தருவது இதுவே.

கையிலுள்ள மண் எத்தகையது என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கண்ணாடிப் புட்டியில் பாதிக்குக் குறைவாக மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைக்கவும். ஓரிரு நிமிடத்தில் அடியிற் படிவது மணல். சில மணி நேரத்திற்குள் அதன்மேற் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கி நின்று கடைசியிற் படிவது களி. களியின் பட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேலிருந்தால், அம்மண்ணைக் குறைத்துக் கருக்கிய உமியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மக்கு செய்யும் முறை

சர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில விவசாய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்து நம் நாட்டு விவசாயிகளின் பழக்கங்களைக் கூர்ந்து நோக்கி, தழையும் சாணமும் மாறி மாறி அடுக்கிக் கிளறி மக்கவைக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என உலகெங்கும் வழங்குவது அதுவே. அதனைச் சிறிய அளவில் வீட்டிலும் கையாளலாம்.

பக்கவாட்டில் துளையிட்ட பழைய பானை அல்லது பிளாஸ்டிக் வாளி இரண்டு போதும். காய்ந்த சருகு இரண்டு பங்கு, காய்கறித் தோலும் பச்சைத் தழையும் ஒரு பங்கு என அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் சிறிது சாணக் கரைசலோ பழைய மக்கோ தெளிக்க வேண்டும். சருகில் கரிச்சத்து மிகுதி; பச்சையில் தழைச்சத்து மிகுதி. இரண்டும் பொருந்தினாலன்றி நுண்ணுயிர்கள் பெருகா. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் வரும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுதி என்று அறிந்து சருகைக் கூட்டவும். வாரம் ஒருமுறை கிளறவும். புங்கம், வேம்பு, கிளிரிசிடியா ஆகியவற்றின் தழையைத் தாராளமாகச் சேர்க்கலாம். சமைத்த உணவு, எண்ணெய், இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்கவும். இரண்டரை முதல் மூன்று மாதங்களில் கரிய நிறமும் மழை பெய்த மண்ணின் மணமும் உடைய மக்கு கிடைக்கும். முன்பு இட்ட பொருள் இன்னதென்று அடையாளம் தெரியாத நிலையே பதம்.

மண்புழுக்களை விட்டால் மக்கு மேலும் உயரும். சென்னை நியூ கல்லூரியிற் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணுக்கே உரிய மண்புழு இனங்களைக் கொண்டு உரம் தயாரிக்கலாம் என்பதை ஆராய்ந்து பரப்பியவர். வெளிநாட்டுப் புழுவை விலை கொடுத்து வாங்காமலே, எருக்குழியின் ஓரத்து ஈர மண்ணிற் காணும் புழுக்களைக் கொண்டு தொடங்கலாம். எறும்பும் வெயிலும் அணுகாத நிழலான இடம் வேண்டும். சாணத்தைச் சில நாட்கள் ஆறவிட்ட பின்னரே புழுவிற்கு இட வேண்டும்; பசுஞ்சாணத்தின் சூட்டில் புழு மடிந்துவிடும்.

கலவையின் அளவுகள்

எடையைக் கொண்டன்றிக் கொள்ளளவைக் கொண்டே அளக்க வேண்டும். ஒரே சாந்துச் சட்டியை எல்லாப் பொருளுக்கும் அளவாகக் கொள்வது எளிது.

தரையில் வைக்கும் தொட்டிக்கு: செம்மண் 2 சட்டி, மக்கு 1 சட்டி, கருக்கிய உமி 1 சட்டி. வண்டல் கிடைப்பின் செம்மண்ணில் அரைச் சட்டியைக் குறைத்து அதனைச் சேர்க்கலாம். கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, கறிவேப்பிலை ஆகியவற்றிற்கு ஏற்றது.

மாடியில் வைக்கும் பைக்கு: கழுவிய தென்னை நார்க் கழிவு 2 சட்டி, மக்கு 1 சட்டி, செம்மண் 1 சட்டி. எடை குறைவு, ஈரம் நிற்கும். சத்துக் குறைவாதலின் உணவூட்டலில் கூடுதல் கவனம் வேண்டும்.

நாற்று விட: சலித்த நார்க் கழிவும் சலித்த மண்புழு உரமும் சம பங்கு. இதிலும் உரத்தை மேலும் கூட்டினால் இளவேர் தாங்காது.

20 லிட்டர் கலவைக்கு வேப்பம் பிண்ணாக்குத் தூள் 100 கிராம் சேர்க்கவும். இது வேரைத் தாக்கும் நூற்புழுவையும் மண்வாழ் பூச்சிகளையும் அடக்குவதோடு, மெதுவாகத் தழைச்சத்தையும் தரும். வேரழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை, 1 கிலோ மக்குக்கு 50 கிராம் வீதம் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்துப் பின் கலவையில் இட வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களையும் இவ்வாறே மக்கில் கலந்து இடலாம். முன்னது காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்ப்பது. பின்னது மண்ணிற் கரையாது கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருவது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் இவற்றைக் கேட்டுப் பெறலாம். பொட்டலத்தின்மீது காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குக. உயிருள்ள பொருளாதலின் வெயிலில் வைத்தலும், சாம்பலுடன் கலத்தலும் கூடாது.

எல்லாவற்றையும் சாக்கின்மீது கொட்டி, மூன்று முறை புரட்டி, இலேசாக நீர் தெளித்து, பத்து நாட்கள் நிழலில் மூடி வைக்கவும். பின்பு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டியவுடன் உதிர்ந்தால் பதம் சரி. உருண்டை உடையாதிருந்தால் உமி போதவில்லை. உருண்டையே ஆகாவிடின் ஈரமும் செம்மண்ணும் போதவில்லை.

தொட்டியும் பாரமும்

கீரைக்கு அரையடி ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஓரடி ஆழமும் 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவும் வேண்டும். ஒரே கொள்ளளவாயினும், தட்டையான தொட்டியை விட உயரமான தொட்டியில் வேருக்குக் காற்று மிகுதி. மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாயிருக்கும். ஆனால் நீர் அடிக்கடி தேவைப்படும். பழைய எண்ணெய்த் தகரம், உரச் சாக்கு, உடைந்த குடம் யாவும் துளையிட்டால் உதவும். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த கலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் உணவுப் பயிருக்குக் கொள்ளலாகாது.

மாடியில் வைப்போர் பாரத்தைக் கணக்கிட வேண்டும். 20 லிட்டர் செம்மண் கலவை நனைந்தபின் ஏறக்குறைய 30 கிலோ நிற்கும். நார்க் கழிவுக் கலவை 20 கிலோ அளவில் நிற்கும். ஆட்கள் நடமாடும் காங்கிரீட் தளத்திற்கு இந்தியத் தர நிர்ணயப்படி சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரமே கணக்கிடப்படுகிறது. நடமாடும் ஆட்களின் எடையும் இதில் அடங்கும். ஆகவே சதுர மீட்டருக்கு நார்க் கழிவுப் பை நான்குக்கு மேல் வேண்டா. அவற்றையும் தளத்தின் நடுவில் குவிக்காது, சுவருக்கும் உத்தரத்திற்கும் மேலாக வரிசையாக வைக்க. பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் பழைய தளத்தின்மீது தோட்டம் அமைத்தல் உயிருக்கே ஆபத்து. பொறியாளரைக் கேளாமல் முயலலாகாது. பைகளைச் செங்கல்லின்மீது உயர்த்தி வைத்தால் நீர் வடியும், தளமும் கெடாது. அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

உணவூட்டும் முறை

வயலில் வேர் உணவைத் தேடிச் செல்லும். தொட்டியில் வேருக்குச் செல்ல இடமில்லை. மேலும் ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் கரைந்த சத்தும் உடன் வெளியேறுகிறது. ஆகவே தொட்டிச் செடிக்கு ஒரே நாளில் பேருணவு இடுவதைவிட, சிறுகச் சிறுகப் பலமுறை இடுவதே முறை. இயற்கை உரத்திலுள்ள சத்து நேரே வேருக்குள் செல்வதில்லை. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து, அம்மோனியமாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிய பின்னரே வேர் உறிஞ்சுகிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். செடி பழுத்த பின் உரம் தேடுவோர்க்குப் பயன் தாமதமாவது இதனாலேயே.

உரங்களின் வலிமையை அறிந்து அளவிட வேண்டும். தழைச்சத்து தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவிலும், மண்புழு உரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கும், வேப்பம் பிண்ணாக்கில் ஐந்து பங்கு அளவிலும், கடலைப் பிண்ணாக்கில் ஏழு பங்கு அளவிலும் உள்ளது. எனவே ஒரு கைப்பிடி பிண்ணாக்கு, பத்துக் கைப்பிடி தொழு உரத்திற்கும் மேலான வலிமை உடையது. இதனை அறியாது பிண்ணாக்கைத் தாராளமாக அள்ளி வைத்தால், அது புளித்து, சூடேறி, வேரைக் கருக்கிவிடும்.

நட்ட மூன்றாம் வாரம் முதல், 20 லிட்டர் பைக்கு மண்புழு உரம் இரண்டு கைப்பிடியை இருபது நாளுக்கு ஒருமுறை மேலாகப் பரப்பி இலேசாகக் கிளறவும். இடையிடையே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிண்ணாக்குக் கரைசல் ஊற்றவும். கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை 1 லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, 10 லிட்டராக நீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர் வீதம் ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் எக்கரைசலையும் ஊற்றலாகாது. பூக்கும் பருவத்தில் சாம்பல்சத்து தேவை. பைக்கு விறகுச் சாம்பல் ஒரு மேசைக்கரண்டி மாதம் ஒருமுறை போதும். நிலத்தடி நீர் உவராக உள்ள ஊர்களில் சாம்பலைத் தவிர்ப்பதே நன்று.

பஞ்சகவ்யம்: கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பயிருக்குப் பயன்படுமாறு வகுத்துப் பரப்பியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதனை ஆராய்ந்து முறைகளை வெளியிட்டுள்ளது. பேரளவைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் வீட்டுக்குப் போதும். பசுஞ்சாணம் 700 கிராம், நெய் 100 கிராம் இரண்டையும் பிசைந்து மூன்று நாள் வைக்கவும். பின் கோமியம் 1 லிட்டர், நீர் 1 லிட்டர் சேர்த்துக் காலையும் மாலையும் கலக்கிப் பதினைந்து நாள் வைக்கவும். பின்னர்ப் பால் 300 மி.லி., தயிர் 200 மி.லி., இளநீர் 300 மி.லி., நாட்டுச் சர்க்கரை 300 கிராம், நன்கு கனிந்த பூவன் பழம் ஒன்று சேர்க்கவும். தொடங்கிய முப்பதாம் நாள் கரைசல் ஆயத்தமாகும். 1 லிட்டர் நீருக்கு 30 மி.லி. கலந்து வடிகட்டி மாலையில் தெளிக்க வேண்டும். இதற்கெனப் பால், நெய்யை விலைக்கு வாங்கும் குடும்பத்திற்கு இது சிக்கனமாகாது. கறவை மாடு உள்ள வீட்டுக்கே உகந்தது. இது வளர்ச்சியைத் தூண்டுவது. மக்கின் இடத்தை நிரப்புவதன்று.

உடல்நலம் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். சாணமும் கோமியமும் கலந்த கரைசலில் நோய்க் கிருமிகளும் இருக்கக்கூடும். ஆகவே கீரை, கொத்தமல்லி, புதினா போன்ற இலைப் பயிர்களின்மீது இவற்றைத் தெளிக்காது வேரில் மட்டும் ஊற்றுக. அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னரே அதனையும் நிறுத்துக. பறித்த கீரையைப் பலமுறை கழுவிச் சமைத்தே உண்க. மண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவும் பழக்கத்தைச் சிறுவர்க்கும் கற்பிக்க வேண்டும்.

குறை கண்டறிதல்

அடியிலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை. பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுக. மண் ஈரமாயிருக்கும்போதே செடி வாடினால் வேர் அழுகுகிறது. நீரை நிறுத்தி வடிகாலைப் பார்க்க. இலை ஓரம் கருகி, மண்ணின்மேல் வெள்ளை படிந்தால் உப்பு மிகுந்துள்ளது; பையின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுக. மழைநீரைச் சேமித்து இதற்குக் கொள்வது சிறப்பு. செடி கரும்பச்சையாக ஓங்கி வளர்ந்தும் பூக்காவிடின் தழைச்சத்து மிகுந்துவிட்டது, கரைசலை நிறுத்துக. புது நார்க் கழிவு அல்லது மக்காத சருகு கலந்த மண்ணில் நாற்று வெளிறி நின்றால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களே தழைச்சத்தைப் பறித்துக்கொள்கின்றன என்று அறிக.

பருவத்தையும் நோக்க வேண்டும். ஆடியில் கத்தரியும் மிளகாயும் நடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பைகளின் துளை அடைபடாது பார்த்துக் கொள்ள வேண்டும். அம்மாதங்களில் ஊற்றும் கரைசல் மழையோடு போய்விடும். கோடையில் சருகை இரண்டு விரற்கடை உயரம் பரப்பினால் ஈரம் காக்கும்.

பழைய மண்ணும் புது மண்ணே

ஒரு பயிர் முடிந்ததும் மண்ணை எறிந்துவிடுவது வீண் செலவு. வேர்களை நீக்கி, வெயிலில் மெல்லியதாகப் பரப்பி ஒரு வாரம் காயவிட்டு, மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு புதிய மக்கும், 20 லிட்டருக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தால் மீண்டும் பயிரிடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஓரினமாதலின், அவற்றை ஒரே மண்ணில் அடுத்தடுத்து வைத்தல் ஆகாது. இடையில் கீரையோ அவரையோ காராமணியோ வைக்க. வேரில் நூற்புழு முடிச்சுகள் கண்ட மண்ணை மட்டும் மீண்டும் தொட்டிக்குக் கொள்ளாதீர்கள்.

ஊர் கூடிச் செய்யத் தக்கது

மண் கலத்தல் ஒரு வீட்டுக்குத் தனியே செய்யுங்கால் சுமை. பத்து வீடு சேர்ந்து செய்யுங்கால் எளிது. ஒரு மகளிர் சுய உதவிக் குழு நார்க் கழிவுக் கட்டியையும் பிண்ணாக்கையும் மொத்தமாக வாங்கி, உமியைக் கருக்கி, மக்கைப் பொதுவிற் செய்து, கலந்த மண்ணை உறுப்பினர்க்குப் பகிரலாம். மிஞ்சியதை விற்கவும் செய்யலாம். அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் பத்துப் பை முருங்கை நாற்றும் கீரையும் கறிவேப்பிலையும் வைத்தால், சமையலுக்கும் உதவும். சிறுவர்க்குப் பாடமாகவும் அமையும்.

தொடங்குவோர் ஐந்து பைகளுக்கு மேல் வைக்க வேண்டா. இரண்டில் கீரை, ஒன்றில் தக்காளி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் கறிவேப்பிலை. கீரைப் பைகளில் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால், ஒன்று தீருங்கால் மற்றொன்று ஆயத்தமாகும். விதைத்த நாள், உரம் இட்ட நாள், பறித்த அளவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்திற் குறித்து வைத்தால், எக்கலவை தம் வீட்டுக்கு ஏற்றது என்பதை இரண்டாம் பருவத்திலேயே அறிந்துகொள்ளலாம். நம் மண்ணைப் பற்றி நமக்குச் சொல்ல வல்லது நம் வீட்டுக் கணக்கே.

தோட்டத்திற்கெனப் பன்னிருவரைக் குடவோலையால் தேர்ந்த ஊர் இது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஐந்து பைகளுக்குப் பொறுப்பேற்றாற் போதும். சருகும் உமியும் சாணமும் காய்கறித் தோலும் நம்மிடமே உள்ளன. அவற்றைத் தெருவில் எறிந்தால் குப்பை; முறையறிந்து கலந்தால் நம் குழந்தைகளின் தட்டில் கீரை. தாய்மார்களும் இளைஞர்களும் வரும் பருவத்திலேயே இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.